கழற்றி மாட்டிய சிங்கம்

அண்ணை,

இன்று காலை கடைக்கு ஒரு கடும்நீலக் கோட் வந்தது. கொண்டுவந்தவர் வயதான சுவிஸ்காரர். நெஞ்சுப் பையில் ஏதோ ஒரு பாட்டுக் கழகத்தின் சின்னம் தைத்திருந்தது, அதைக் கழற்றித் தரவேண்டும் என்றார். கழகத்துச் செயலாளரோடு கோபமாம். இனி அந்தச் சின்னத்தோடு தெருவில் நடக்கமாட்டாராம். ஈரத் துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். கம்பளியில் சூடு ஏறும்போது ஒரு மணம் எழும்புமே, அது எழும்பியதும் எனக்குக் கை ஓடவில்லை. பின்னேரம் வரச்சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே சூரிச் ட்ராம்கள் போய் வந்துகொண்டிருக்கின்றன. நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை. எங்கே அனுப்புவது என்று தெரியாததால்தான் எழுதவில்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் டாவோஸ் ஹோட்டலில் நீங்கள் கோப்பை கழுவினீர்கள். நான் அதே ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவையறையில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். இவர், அதுதான் என் மனுசன், உங்களுக்குப் பக்கத்துத் தொட்டியில் சட்டி தேய்த்தார். சமையலறையின் புகைக்கூண்டில் நீங்கள் தலையை இடிக்காத நாள் கிடையாது. "நெடுவல் அண்ணைக்கு இண்டைக்கு எத்தினையாவது இடி?" என்று இவர் கேட்பார். "எண்ணுறதை விட்டிட்டன் தம்பி, தலைக்கு எண்ணத் தெரியாது" என்பீர்கள். சமையலறை முழுக்கச் சிரிக்கும். போர்த்துக்கேயர்களுக்குக்கூடப் புரிந்துவிடும்.

உங்களிடம் இருந்தது ஒரே ஒரு கோட். பனி கொட்டத் தொடங்கியபோது உள்துணி கிழிந்துவிட்டது என்று அதை என்னிடம் கொண்டுவந்தீர்கள். வாங்கி மேசையில் விரித்தேன். நெஞ்சுப் பையில் பொன்நூலில் சிங்கம் நின்றது, கையில் வாளோடு. அந்தச் சிங்கத்தை நான் கடைசியாகப் பார்த்தது என் தம்பியை ஏற்றிக்கொண்டு போன இராணுவ ஜீப்பில் கட்டியிருந்த கொடியில். தம்பி திரும்பி வந்தான், ஆனால் முன்போல நடந்து வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இதையேன் அண்ணை போட்டுக்கொண்டு திரியிறியள்? வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். முதல் அறிமுகத்திலேயே அப்படிக் கேட்கிற வாய் எனக்கு.

நீங்கள் கோபிக்கவில்லை. விரிப்புகள் அடுக்கியிருந்த பெட்டியில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்தும் என் உயரம் இருந்தீர்கள். "வெக்கமோ? இதுக்காக நான் எவ்வளவு குதிச்சனான் தெரியுமோ உமக்கு? அவை எனக்கு இதைத் தந்தவை எண்டு நினையாதையும் தங்கச்சி. நான் பறிச்சனான்" என்றீர்கள்.

அப்போதுதான் நீங்கள் நாட்டுக்காகக் கரப்பந்து, அதுதான் வொலிபோல், ஆடியவர் என்று எனக்குத் தெரியவந்தது. கொழும்பில் அரசாங்க வேலை, வேலைத்தலத்து அணி, அங்கிருந்து தேசிய அணி. அந்த அணியில் ஒரே தமிழர் நீங்கள்தான். வெளிநாட்டு மைதானம் ஒன்றில் கொடி ஏறி, தேசிய கீதத்தின் இசைத்தட்டு சுழன்ற கதையை நீங்கள் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிங்களத்தில் பாட, பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் வரிகளை நீங்கள் மட்டும் வாய்க்குள் பாடினீர்களாம். மெட்டு ஒன்றுதானே, யாருக்கும் தெரியவில்லையாம். "அழுதனான் தங்கச்சி. பொய் சொல்லேல்லை. அந்த நேரம் அது என்ர நாடுதான்" என்றீர்கள். உள்துணியைத் தைத்துக் கொடுத்தேன், சிங்கத்தின் பக்கம் பாராமல்.

அடுத்த கோடையில், சுவிஸ் நாட்டின் தேசிய நாளுக்கு, ஹோட்டல் முதலாளி ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து வேலைக்காரரின் சாப்பாட்டு மேசையில் அவரவர் நாட்டுக் கொடிகளைக் குத்தி வைத்தார். உருளைக்கிழங்குச் சட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று சிங்கக் கொடி. எங்கள் தமிழ்ப் பெடியன்கள் எழும்பிப் போய்விட்டார்கள். இவரும் தட்டைத் தள்ளினார். நீங்கள் மட்டும் இருந்து சாப்பிட்டீர்கள். என்னோடு சலவையறையில் வேலை செய்த யூகோஸ்லாவியக்காரி மிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கொடியில் என்ன பிழை என்று கேட்டாள். உடைந்த ஜெர்மனில் நீங்கள் விளக்கினீர்கள். ஓரத்தில் இருக்கும் செம்மஞ்சள் பட்டி தமிழர், பச்சைப் பட்டி முஸ்லிம்கள், நடுவில் சிங்கம் என்றீர்கள். மிலா கொடியைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தாள்.

"இது உங்கள் பக்கம் பார்த்துத்தானே வாளை நீட்டிக்கொண்டு நிற்கிறது?" என்றாள்.

நீங்கள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினீர்கள். "அப்பிடியும் சொல்லலாம்" என்று தமிழில் என்னிடம் சொன்னீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதுவரை எரிச்சல்தான் இருந்தது.

எண்பத்துமூன்றின் ஆடிக் கலவரத்தில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். கொழும்பில் நீங்கள் இருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்தபோது, கதவுக்குப் பின்னால் தொங்கிய இந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்மதிலால் குதித்தீர்கள். தெருமுனையில் பொல்லுகளோடு நின்றவர்கள் மறித்தார்கள். ஒருவன் உங்கள் நெஞ்சைப் பார்த்தான். நீங்கள் சிங்களத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேசினீர்கள், அவன் முதுகில் தட்டி விட்டுவிட்டான். உங்களுக்குப் பின்னால் வந்தவர் பக்கத்து வீட்டுக் கணக்காளர். அவருடைய சட்டைப் பையில் பேனா மட்டும்தான் இருந்தது. அவரை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அகதிக் கேஸ் விசாரணைக்குக் கூர் நகரத்துக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அரசாங்கக் கந்தோர் என்றால் கலியாண வீட்டைவிடப் பெரிய காரியம். குளித்து, தலை இழுத்து, சப்பாத்து மினுக்கி, இருக்கிறதில் நல்லதை உடுத்திக்கொண்டுதான் போவோம். கிழிசலோடு போனால்தான் கஷ்டப்பட்டவன் என்று நம்புவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றாது. அரசாங்கத்தின் முன்னால் மரியாதையாக நிற்கவேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நீங்களும் நல்ல கோட் போட்டுத்தான் போவேன் என்று நின்றீர்கள். உங்களிடம் இருந்த நல்ல கோட் அது ஒன்றுதான். டாவோஸில் இருந்த தமிழரின் கோட்டுகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் முழங்கையோடு நின்றன. இவருடைய கோட்டைப் போட்டபோது முதுகுத் தையல் விட்டுப்போனது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

"சிங்கத்தோட போனியள் எண்டால் சிங்களவன் எண்டு நினைப்பாங்கள். இல்லாட்டி அரசாங்கத்தின்ர ஆள் எண்டு நினைப்பாங்கள். கழட்டுங்கோ" என்று பெடியன்கள் சொன்னார்கள். இவரும் அதைத்தான் சொன்னார்.

நீங்கள் சலவையறைக்கு வந்து என் சின்னக் கத்தரிக்கோலைக் கேட்டீர்கள். நான் கழற்றித் தருகிறேன் என்றேன். "வேண்டாம். தைக்கிறதை ஆரோ செய்தவை. கழட்டுறதை நானே செய்யிறன்" என்றீர்கள். ஒவ்வொரு நூலாக வெட்டினீர்கள். பந்து அடித்துத் தடித்த விரல்கள், கத்தரிக்கோலின் வளையத்துக்குள் போகாமல் நுனியில் பிடித்துக்கொண்டு வெட்டினீர்கள். முடிந்ததும் கோட்டை உயர்த்திப் பார்த்தோம். மற்ற இடமெல்லாம் வெயிலில் நிறம் போயிருந்தது. சின்னம் இருந்த இடம் மட்டும் புதுத் துணியாக, கடும்நீலமாக, கேடய வடிவில் நின்றது. ஈரத் துணி போட்டு அழுத்திப் பார்த்தேன். தேய்த்துப் பார்த்தேன். அது போகவில்லை. இன்றைக்கு வந்த மணம் அந்த மணம்தான், அண்ணை.

விசாரணையில் முதல் கேள்வியே அதுதானாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவால் உங்கள் நெஞ்சைக் காட்டி, அங்கே என்ன இருந்தது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முதலே நீங்கள் உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னீர்கள். கலவரத்தில் அந்தச் சின்னம் உங்களைக் காப்பாற்றியதையும் சொன்னீர்கள். ஒளிக்கத் தெரியாத மனுசர். வந்த பதிலில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. தன் நாட்டுக்காக ஆடும் கௌரவத்தைப் பெற்றவர், நாட்டின் சின்னத்தால் ஆபத்திலிருந்து தப்பியவர், அந்த உண்மையை அதிகாரிகளிடம் மறைக்க முயன்றவர். ஆகவே அவருக்கு அங்கே ஆபத்து இல்லை, கேஸ் நிராகரிக்கப்படுகிறது. எங்கள் ஆட்கள் ஒரே சொல்லில் சொல்வார்கள், நெகட்டிவ். இவர் அதை வாசித்து மொழிபெயர்த்தபோது நான் மிலாவுக்கு முன்னாலேயே கத்தினேன். அந்தக் கணக்காளருக்கும் ஒரு சிங்கம் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கத்தினேன். நீங்கள்தான் என்னை அமர்த்தினீர்கள். "அவையில என்ன பிழை? நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கினம்" என்றீர்கள். அந்தப் பொறுமையை நான் உங்களுக்கு மன்னிக்கவே மாட்டேன்.

மேல்முறையீடும் சரிவரவில்லை. நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பிரான்சுக்குக் களவாகக் கடக்கலாம் என்றார்கள் சிலர். தேவாலயம் ஒன்றில் ஒளித்து வைக்க ஆள் இருக்கிறது என்றார் இவர்.

"என்ர உயரத்துக்கு எங்க தம்பி ஒளிக்கிறது?" என்றீர்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரில் உங்களுக்கு இருந்தது ஒரு அக்கா. அவவிடம் போய்விடலாம் என்று முடிவெடுத்தீர்கள். கொழும்பில் இறங்கி, வீதியெல்லாம் இராணுவச் சோதனைச்சாவடிகளை, நாங்கள் சென்றி என்பவற்றை, கடந்து வடக்கே போகவேண்டும். தமிழ் இளைஞர்களைச் சாவடிகளில் இறக்கி வைத்துக்கொண்ட காலம். உயரமும் உடற்கட்டும் உள்ளவனை இரண்டு தரம் பார்ப்பார்கள். வெளிக்கிடுவதற்குச் சில நாள் முன்பு கோட்டையும் சிங்கத்தையும் எடுத்துக்கொண்டு சலவையறைக்கு வந்தீர்கள்.

"தங்கச்சி, இதைத் திருப்பித் தைச்சுத் தாரும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "இஞ்ச இது இருந்தால் ஆபத்து எண்டு கழட்டினம். அங்க இது இல்லாட்டி ஆபத்து. ஆமிச் சென்றியில ஆராவது ஒருத்தன் கரப்பந்து பாத்திருப்பான்" என்றீர்கள்.

"சென்றி தாண்டின பிறகு? எங்கட பக்கத்தில துவக்கோட நிக்கிற இயக்கக்காரர் இதைப் பாத்தால்?" என்று கேட்டேன்.

நீங்கள் அதையும் யோசித்துத்தான் வந்திருந்தீர்கள். மேசையில் இருந்த பொத்தான் பெட்டியைக் கிண்டி, தலையணை உறைகளுக்குத் தைக்கிற இரும்பு அழுத்துப் பொத்தான்களை எடுத்தீர்கள். ஒரு பாதி கோட்டில், மறு பாதி சிங்கத்தின் பின்னால். அமத்தினால் டக்கென்று பூட்டும், இழுத்தால் கழன்றுவிடும். நாலு மூலைக்கும் நாலு. அவற்றைத் தைக்கத் தைக்க எனக்குக் கண் மறைத்தது. நீங்கள் போட்டுப் பார்த்தீர்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று மாட்டினீர்கள், கழற்றினீர்கள், மாட்டினீர்கள். வேகம் பார்த்தீர்கள். பஸ் ஓடும்போது குனிந்து சப்பாத்துக் கட்டுகிற மாதிரிக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைக்கலாம் என்று செய்து காட்டினீர்கள். விசயம் தெரியாத மிலா இது ஏதோ விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினாள். நீங்கள் அவளுக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தீர்கள், மைதானத்தில் வைப்பதுபோல.

அப்போது நீங்கள் சொன்ன ஒன்றைத்தான் இன்றைக்கும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "பாத்தீரோ தங்கச்சி, ஒரு நாட்டை நெஞ்சில குத்துறதுக்கு எவ்வளவு லேசான வழி. முந்தியே தெரிஞ்சிருந்தால் இவ்வளவு குதிச்சிருக்கத் தேவையில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

டாவோஸ் ஸ்டேஷனில் உங்களை ஏற்றிவிட்டோம். இவர் கட்டிக்கொண்டு அழுதார். ரயில் பெட்டிக்குள் ஏறும்போதும் தலையை இடித்தீர்கள். "போட்டு வாறன்" என்றீர்கள். போய்விட்டு வருகிறேன் என்பது, போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நான் அதை அப்படியே நம்பிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாதங்கள் போயின. ஒரு செய்தியும் இல்லை. சாவடிகளைத் தாண்டிவிட்டீர்கள், அக்கா வீட்டில் சோறு சாப்பிடுகிறீர்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். புதிதாக வந்து அகதி முகாமில் இருந்தவர், உங்கள் ஊர்க்காரர், உங்கள் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. உங்கள் அக்காதான் எங்களைத் தேடிப் போகச் சொல்லி அனுப்பியிருந்தா. தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

இராணுவச் சாவடிகள் எல்லாவற்றையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஊர்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பினதையும் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெடிச் சத்தம்தான் கேட்டதாம். அக்கா வீட்டுக் கூரை தெரிகிற தூரத்தில் கிடந்தீர்களாம்.

"ஆர் சுட்டது?" என்று இவர் கேட்டார்.

"அதை ஒருத்தரும் கதைக்கமாட்டினம் அண்ணை. அந்தப் பக்கம் அண்டைக்கு ஆமியும் வந்து போனது. மற்றவையும் நிண்டவை."

நான் கோட்டைப் பற்றிக் கேட்டேன். கோட் உடம்பில் இருந்ததாம். பைகளுக்குள் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். கடவுச்சீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் அந்தச் சிங்கம் எங்கே போனது? பஸ்ஸில் கழற்றி வெளியே எறிந்துவிட்டீர்களா? ஊர் வந்துவிட்டது என்ற சந்தோசத்தில் கழற்ற மறந்து, அதைப் பார்த்த ஒருவன் சுட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனானா? இல்லை, நீங்கள் சரியாகக் கழற்றி வைத்திருக்க, அந்த நேரம் பார்த்து ஆமி வந்து, நெஞ்சில் ஒன்றும் இல்லாத ஒரு நெட்டைத் தமிழனைக் கண்டதா? மாட்டியிருந்ததால் செத்தீர்களா, கழற்றியிருந்ததால் செத்தீர்களா? இதை நான் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஊரிலிருந்து வருகிற ஒருவரையும் இனிக் கேட்பதில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்கு வேண்டாம்.

வந்தவர் எழும்பும்போதுதான் உங்கள் அக்கா கேட்டனுப்பிய கேள்வியை ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார்.

"அக்கா அந்தக் கோட்டைத் தோய்ச்சு வைச்சிருக்கிறா. நெஞ்சுப் பையில நாலு இரும்புப் பொத்தான் கிடக்காம். பூட்டுறதுக்கு ஒண்டையும் காணேல்லையாம். அது என்னத்துக்கு எண்டு உங்களைக் கேக்கச் சொன்னவ. நீங்கள்தான் உடுப்புத் தைக்கிறனீங்கள் எண்டு தன்ர தம்பி எழுதினவராம்."

இவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அது நாலு வீடும் தாண்டும், சந்திக்கும் போகும். சிங்கம் குத்திக்கொண்டு வந்தவனின் அக்கா என்று அந்த மனுசியை அதே ஒழுங்கைக்குள் வாழவிடுவார்களா? நாட்டுக்காக ஆடினவர், அழுதவர், பறித்தெடுத்தவர் என்றெல்லாம் யார் நின்று கேட்கப் போகிறார்கள்? எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

"அது இஞ்சத்தைய கோட்டுகளுக்கு அப்பிடித்தான். பனி நாளையில நெஞ்சுக்கு மேல இன்னொரு தடிச்ச துணி வைச்சுப் பூட்டுறது. நான்தான் தைச்சுக் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்தப் பதில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு உங்கள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தா. அழுது முடித்த குரல். அந்தப் பொத்தான்களை அடிக்கடி தடவிப் பார்ப்பதாகச் சொன்னா. அந்த நாட்டில் தன்ர தம்பிக்கு நெஞ்சில குளிர் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருக்கிறது என்று நினைத்தால்தான் தனக்கு நித்திரை வருகிறதாம்.

"ஓம் அக்கா, அவருக்கு ஒருநாளும் குளிரேல்லை" என்று சொன்னேன். அதைத்தான் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணை.